எழுந்து போவதற்கு ஒரு நாற்காலி

1

போன செவ்வாய்க்கிழமை என் மேற்பார்வையாளர் அம்மையாருக்கு என்மேல் கோபம் வந்துவிட்டது. தெற்கு ஜெர்மனியின் ஒரு சிற்றூரில், மறுவாழ்வு மையம் ஒன்றின் பட்டறையில், சக்கர நாற்காலிகளை அவரவர் உடம்புக்குத் தக்கபடி பொருத்திக் கொடுப்பது என் வேலை. தலைத்தாங்கியை மாட்டியாயிற்றா என்று கேட்டார். நான் கண்களை மேலே உயர்த்தினேன். தென்காசியில் எங்கள் வீட்டில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். இங்கே அது பெரியவர்களை மதிக்காத பிள்ளைகள் செய்யும் காரியம்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு விளக்கினேன். போன சாரல் காலத்தில் ஆறு வாரம் விடுப்பெடுத்து, ஒரு புது மாதிரிச் சக்கர நாற்காலியைப் பழக்க என் தம்பியோடு இருந்தேன். அவனால் கண்ணை மட்டுமே அசைக்க முடியும். கண்ணை உயர்த்தினால் ஆமாம், மூடினால் இல்லை. ஊரிலிருந்து திரும்பி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது, பழக்கம் இன்னும் போகவில்லை. அம்மையார் சிரித்துவிட்டு, "அந்த நாற்காலி என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல என் நாட்குறிப்பைப் புரட்ட வேண்டியிருந்தது. அந்த ஆறு வாரத்தையும் நாள் எண் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் குறிப்புகள் அதிலிருந்து எடுத்தவை.

2

தம்பி பெயர் திருமலைக்குமார். பண்பொழி மலைமேல் இருக்கும் முருகன் பெயர்; எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அந்தப் பெயரில் இருப்பார். காவல் துறையில் தலைமைக் காவலராக இருந்தான். சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் பேரருவிப் பக்கம்தான் அவனுக்கு வேலை. விசில் ஊதிக் குளித்தவர்களை நகர்த்துவான், குளிக்காதவர்களை உள்ளே விடுவான். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். மூளைத்தண்டில் அடைப்பு. உயிர் மிஞ்சியது. அறிவு, செவிப்புலன், தொடுவுணர்ச்சி எல்லாம் முழுசாக மிஞ்சின. அசைவு மட்டும் போயிற்று, பேச்சும் அதோடு போயிற்று.

அவன் மனைவி கோமதி எழுத்துப்பலகையை அவளாகவே உண்டாக்கினாள். பலகையில் எழுதிய மெய்யெழுத்துகளை விரலால் தொட்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள். வேண்டிய இடத்தில் அவன் கண்ணை உயர்த்துவான். பிறகு உயிரெழுத்துகளைச் சொல்வாள். அங்கேயும் ஒருமுறை உயர்த்துவான். இப்படி இரண்டு உயர்த்தலில் ஓர் எழுத்து வந்துவிடும். கோமதிக்கு வேகம் வந்துவிட்டது. பாதிச் சொல்லிலேயே மீதியை அவள் சொல்லிவிடுவாள்.

என் மகளுக்குத் தமிழ் எழுத்து வரிசை தெரியும் என்றால் இந்தப் பலகையால்தான். அவள் இங்கே வேறு நகரத்தில் படிக்கிறாள். என்னோடு தொலைபேசியில் 'அப்பா' என்று தமிழில் தொடங்கி அடுத்த சொல்லிலேயே ஜெர்மனுக்குப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காணொளியில் சித்தப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து, க, ங, ச என்று பொறுமையாகச் சொல்லுவாள். ள, ழ இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லி அவனைக் குழப்புவாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "உங்களைப் பத்தி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

3

சென்னையில் ஓர் ஆய்வுக்குழு, நினைப்பால் ஓட்டும் சக்கர நாற்காலியை வீட்டிலேயே வைத்துப் பழக்கிப் பார்க்க ஆள் தேடுகிறது என்று தெரிந்ததும் நான்தான் விண்ணப்பம் போட்டேன். எங்கள் மையத்திலும் அப்படியொன்றைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தலையில் ஒரு தொப்பி, அதில் பொட்டுப் பொட்டாக உணர்விகள். கையை அசைப்பதாக மனத்துக்குள் நினைத்தாலே மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்மாற்றம் உண்டாகிறது. தொப்பி அதைப் படிக்கிறது. வலது கையை நினைத்தால் நாற்காலி வலப்பக்கம் திரும்பும், இடது கையை நினைத்தால் இடப்பக்கம். இரண்டு கால்களையும் நினைத்தால் முன்னே போகும். எதையும் நினைக்காவிட்டால் நிற்கும். சுவர் வந்தால் தானே நின்றுகொள்ளும்.

நிவேதா என்ற பெண் பொறியாளர் நாற்காலியோடு வந்து இறங்கினாள். நாற்காலிக்கு முன்னால் காகிதங்கள் வந்தன. ஒப்புதல் படிவத்தில் பங்கேற்பவரே கையெழுத்திட வேண்டும். கையை யாரோ பிடித்து உருட்டிய ரேகை செல்லாது. கடைசியில், கேள்விகளை வாசித்து அவன் கண்ணால் சொல்லும் பதிலை வெளியாள் ஒருவர் சாட்சியாக எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. எதிர்வீட்டு சுப்பையா அண்ணாச்சி கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பேனாவைத் திறந்துகொண்டு வந்தார். "மேற்படியார் என் முன்னிலையில் தன் இரு கண்களையும் முழு மனத்தோடு உயர்த்தினார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முழு மனசோடன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?" என்றாள் நிவேதா.

"முப்பது வருசம் சான்றிதழ் எழுதியிருக்கேன் பிள்ள. முழு மனசுன்னு எழுதாத ஒண்ணு கூட நிக்காது."

படிவத்தின் கடைசிக் கேள்வி: நாற்காலி கிடைத்தால் முதலில் என்ன செய்ய விரும்புகிறீர்கள்? எல்லோரும் அவனுக்கு முந்திக்கொண்டோம். பேரருவி என்றேன் நான். ஐந்தருவி என்றார் அண்ணாச்சி. திருமலைக் கோயில் என்றாள் கோமதி. குமார் கண்ணை மூடிக்கொண்டான். கோமதி எழுத்துகளைச் சொல்லத் தொடங்கினாள். முடிய வெகுநேரம் ஆயிற்று. அவளால் ஒரு சொல்லைக்கூட முன்கூட்டி ஊகிக்க முடியவில்லை. வந்த வாக்கியம் இதுதான்: 'பேச்சுப் பிடிக்கலன்னா எந்திச்சுப் போகணும்.'

ஐந்து வருடமாக அவன் முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஆறுதல் சொன்னவர்கள், வைத்தியம் சொன்னவர்கள், அவன் காது கேட்கவே அவன் எதிர்காலத்தைப் பேசியவர்கள். ஒருவரிடமிருந்தும் அவன் எழுந்து போனதில்லை. அது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"என்னையத்தான் சொல்லுதான்" என்றார் அண்ணாச்சி. தினமும் காலையில் வந்து செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுபவர் அவர். "தெரியும். சிலைக் கடத்தல் செய்தியெல்லாம் நான் கொஞ்சம் இழுத்துத்தான் வாசிப்பேன்."

நிவேதா அந்த வாக்கியத்தை அப்படியே படிவத்தில் எழுதிக்கொண்டாள்.

4

நிபந்தனை கண்டிப்பானது. நான்கு வாரத்துக்குள் மூன்று கட்டளைகளும் கைக்கு வந்தால் நாற்காலி ஒரு வருடம் வீட்டில் இருக்கும். வராவிட்டால் அடுத்துக் காத்திருப்பவருக்குப் போகும்.

கைகள் இரண்டும் சீக்கிரம் வந்தன. வலது கைக்குக் குமார் என்ன நினைத்தான் என்று பலகையில் கேட்டோம். அருவிக்கரையில் கூட்டத்தை 'நகரு நகரு' என்று வலது கையால் வீசிவிடுவது. இடது கைக்கு, வரிசைக் கயிற்றை இறுக்கிப் பிடிப்பது. ஐந்தாம் நாள் நாற்காலி கூடத்தின் நடுவில் நின்றபடி வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பியது. கோமதி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்தாள்.

கால் மட்டும் வரவில்லை. அணிவகுப்பில் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிப்பதை நினைத்தான்; அது அவன் ஆயிரக்கணக்கான தடவை செய்த காரியம். திரையில் கோடு அசையவில்லை. சைக்கிள் மிதிப்பதை நினைக்கச் சொன்னாள் நிவேதா. மலைப்படி ஏறுவதை நினைக்கச் சொன்னேன் நான். ஒன்றும் நடக்கவில்லை. கால் இல்லாமல் முன்னே போக முடியாது. நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

"கடியாரம் மாதிரி இருக்கான்" என்றார் அண்ணாச்சி. குமார் கண்ணாலேயே சிரித்தான்.

ஒன்பதாம் நாள் கால் வேலை செய்தது. நாற்காலி கூடத்திலிருந்து கதவு வரை போய் நின்றது. பத்தாம் நாள் மறுபடி ஒன்றுமில்லை. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நிவேதா என்னைத் தனியே அழைத்து, "சிலருக்கு ஒரு கட்டளை வரவே வராது சார். அது அவங்க தப்பில்ல" என்றாள். தனியே என்றாலும் எங்கள் வீடு சின்னது. அறைக்குள் போனபோது குமாரின் கன்னம் நனைந்திருந்தது. துடைத்துவிட்டேன். துடைக்காமல் விட்டிருக்கலாமோ என்று பிறகு நினைத்தேன். அழுவதையாவது அவன் தனியே செய்திருக்கலாம்.

5

பதின்மூன்றாம் நாள் காலை நாட்குறிப்பை முதலிலிருந்து வாசித்தேன். எல்லாவற்றையும் எழுதி வைப்பவனுக்கு, எழுதியதில் ஏதாவது இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இருந்தது. எட்டாம் நாள் சாயங்காலம் கோமதி தன் அக்காள் மகளின் வளைகாப்புக்குச் சுரண்டைக்குப் போனாள். ஒன்பதாம் நாள் இரவு திரும்பினாள். அன்று குமாரைக் குளிப்பாட்டியது நானும் அண்ணாச்சியும்.

நான் அதை மனத்துக்குள் வைத்திருந்திருக்க வேண்டும். காப்பி வேளையில் எல்லோர் முன்னிலையிலும், கணக்கைத் தீர்த்த வாத்தியார் மாதிரி அறிவித்தேன்: கோமதி இல்லாத அன்றைக்குத்தான் கால் ஓடியிருக்கிறது. அவள் எதிரில் நிற்கும்போது அவன் மனம் பதற்றப்படுகிறது போலும், ஜெர்மனியில் எங்கள் மையத்திலும் நெருங்கிய உறவினரைச் சோதனை அறையில் விடுவதில்லை, என்றெல்லாம் சொன்னேன். கவனச் சிதறல் பற்றி நான் படித்ததையும் சேர்த்துக்கொண்டேன்.

கோமதி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஐந்து வருடத்தில் அவள் வீட்டை விட்டு இரவு தங்கியது அந்த ஒரே நாள்தான் என்பதும் என் நாட்குறிப்பில் இருந்தது. அதை நான் வாசித்துச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் கையில் துணிப்பை இருந்தது.

"நான் சிவகிரிக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாரேன் அத்தான். ரெண்டு வாரம்."

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"நீங்க சரியாத்தான் சொன்னிய. நான் இங்கன இல்லாட்டி ஓடும்னா, இருந்து என்னத்துக்கு? அவிய ஒரு எட்டு முன்னால போகட்டும். அதுக்காகத்தான எல்லாம்."

அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. குமார் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடித் திறந்து, மூடித் திறந்து கொண்டிருந்தான். இல்லை, இல்லை, இல்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் போக மாட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

போகிற அவசரத்திலும் எனக்கு வேலைகளை ஒப்படைத்தாள். ஆறரைக்குக் கஞ்சி. ஏழுக்கு மாத்திரை, பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பச்சைப் புட்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"காலையில நீங்க சொன்ன ஷாம்பூவ போட்டுக் குளிப்பாட்டுங்க. தலை காய்ஞ்சதும் உச்சியில இதுல ஒரு கை. நல்லா அழுத்தித் தேய்ச்சு விடணும். அன்னைக்கு நான் சுரண்டை போன அவசரத்துல சொல்ல மறந்துட்டேன், நீங்க விட்டுட்டிய. அவிய தலை கொதிச்சுக் கெடந்துச்சு."

கூடத்தில் தொப்பிப் பொட்டுகளுக்குள் மின்கடத்தும் களிம்பு நிரப்பிக்கொண்டிருந்த நிவேதா நிமிர்ந்தாள். "அக்கா, அது என்ன?"

"தைலம். மலைக்கு அந்தப் பக்கம் வைத்தியர் கொடுத்தது."

"தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே. முதல் நாளே கேட்டேன், இல்லைன்னீங்க."

"எண்ணெய் எங்க வச்சேன்? அன்னைக்கே நிப்பாட்டியாச்சு. இது மருந்துல்லா. நாள் முச்சூடும் மூளையப் போட்டு வேலை வாங்குதிய, சூடு ஏறாதா? அதான் இப்பம் ரெண்டு மடங்கா வைக்கேன்."

நிவேதா எழுந்து வந்து குமாரின் உச்சந்தலையில் விரலை வைத்தாள். விரலைக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தாள். பிறகு அதே விரலால் தொப்பியின் நடுப்பொட்டைத் தொட்டாள். கைகளின் நினைப்பு தலையின் இரு பக்கமும் பதிவாகும். கால்களின் நினைப்பு பதிவாகும் இடம் உச்சி. அந்த ஓர் இடம். உள்ளங்கை அகலத்துக்கு அங்கே மட்டும் முடியடியில் தைலம் ஊறிக் கிடந்தது.

"இந்தப் பொட்டு மட்டும் அந்த ஒரு நாளைத் தவிர தினமும் சரியா ஒட்டலை. தொப்பி பழசுன்னு நினைச்சு ரெண்டு தடவை மாத்தினேன்" என்றாள் நிவேதா. அவள் சென்னையில் வளர்ந்தவள்; எங்கள் ஊரில் தைலத்தை எண்ணெயில் சேர்ப்பதில்லை என்று அவளுக்குத் தெரியாது.

நானோ தென்காசியில் பிறந்து, எத்தனையோ வருடம் உச்சியில் அம்மாவின் தைலக் கையைத் தாங்கியவன். ஜெர்மனியில் யார் தலையிலும் எண்ணெய் இல்லாததால் எங்கள் மையத்துக் குறிப்புத்தாளில் தைலம் பற்றி ஒரு வரி இல்லை. நான் அந்தத் தாளைத்தான் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

கோமதி துணிப்பையைக் கீழே வைத்தாள். "அப்பம் நான் இருந்ததாலதான் ஓடலையா?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை. அறையைப் பார்த்துக் கேட்டாள். குமார் கண்ணை அழுத்தி மூடினான். இல்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அத்தான்" என்றாள். ஆனால் அன்றைக்கு எனக்கு மட்டும் ரசத்தில் உப்பு இல்லை. நாட்குறிப்பில் அதுவும் இருக்கிறது.

6

மூன்று முறை சீயக்காய், இரண்டு முறை ஷாம்பூ. பதினைந்தாம் நாள் பகலில் குமார் அணிவகுப்பை நினைத்தான். நாற்காலி கூடத்தைக் கடந்து, கதவு வரை போய், திரும்பி, அண்ணாச்சியின் முழங்காலுக்கு அரையடி முன்னால் நின்றது.

"ஏலே, ஏத்திராதே" என்றார் அண்ணாச்சி. காலை மடக்கிக்கொண்டாலும் இடத்தை விட்டு எழவில்லை.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. இனித் தைலமே வேண்டாம் என்று நிவேதா சொன்னபோது குமார் கண்ணை மூடினான். திரும்பக் கேட்டோம், திரும்பவும் மூடினான். கோமதி எழுத்துகளைச் சொன்னாள். 'அவ கை' என்று வந்தது. அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. மீதிக்கு எழுத்துகளை நான் சொல்லிக் கேட்டேன். 'தலையில வேணும்.' உடம்பில் அவனுக்கு எல்லா இடத்திலும் தொடுகை தெரியும். பகல் முழுக்கக் கழுவவும் புரட்டவும் துடைக்கவும் எத்தனையோ கைகள் படுகின்றன. ஒரு வேலையும் இல்லாமல் படுவது அந்த உச்சித் தைலம் மட்டும்தான் என்பதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

சாயங்காலம் தொப்பியைக் கழற்றிய பிறகு தைலம், காலையில் சீயக்காய் என்று ஏற்பாடு ஆயிற்று. கோமதிக்கு இதனால் காலை வேலை அரைமணி நேரம் கூடியது. "நடக்கிற ஆளுக்குச் செலவு இருக்கத்தான் செய்யும்" என்றாள்.

இருபத்தாறாம் நாள் தேர்வு. படுக்கையறையிலிருந்து வாசல் கேட் வரை, அங்கிருந்து திரும்ப. இரண்டு இடத்தில் நின்று யோசித்தான், ஒரு தடவை முருங்கைமரத்துப் பக்கம் போய்விட்டு மீண்டான். நிவேதா மூன்று கட்டளைகளுக்கும் எதிரே குறி போட்டாள். நாற்காலி ஒரு வருடம் வீட்டிலேயே இருக்கும் என்று ஆயிற்று. அடுத்த நாள் எல்லோரும் பேரருவிக்குக் கிளம்பினோம். சக்கர நாற்காலி போகிற வரை போனோம். சாரல் முகத்தில் அடித்தது. அங்கே பணியில் நின்ற இளம் காவலர் குமாருக்கு முன்னால் விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார்.

ஆனாலும் படிவத்தில் எழுதிய ஆசை நிறைவேறாமல் அப்படியே இருந்தது. அண்ணாச்சி தினமும் செய்தித்தாளோடு வந்தார். வாசிக்கும்போது பக்கத்தின் மேல்விளிம்பு வழியே குமாரைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். குமார் போகவில்லை. விளையாட்டுப் பக்கம் முடிந்தது, சிறு விளம்பரங்கள் முடிந்தன, அவன் இருந்தான்.

"போறதுன்னா போலே. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

குமார் கண்ணை மூடினான்.

7

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. குமார் பயிற்சி முடிந்து தொப்பியோடு நாற்காலியில் இருந்தான். நிவேதா நாற்காலியின் நிறுத்து விசையைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அண்ணாச்சி இருந்தார். கோமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, இரவெல்லாம் எழுதிய பராமரிப்புக் குறிப்புகளை வாசிக்கத் தொடங்கினேன். மொத்தம் இருபத்து மூன்று. இது என் தொழில்; அவனுக்கு நான் விட்டுப் போகக்கூடியது இதுதான் என்று நினைத்திருந்தேன். மின்கலத்தை முழுவதும் வடியவிடக் கூடாது. சக்கரத்தில் முடி சுற்றினால் இழுக்காமல் வெட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணமும் எழுதியிருந்தேன், காரணத்தையும் வாசித்தேன்.

ஏழாவது குறிப்பில் இருந்தபோது நாற்காலியின் மோட்டார் மெல்ல உறுமியது. காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினேன். குமார் இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். அவன் கண் என்மேல் இல்லை. கதவை நேராகப் பார்க்கும் வரை திரும்பி, ஒரு கணம் நின்று, முன்னே போனான். நிலைப்படியில் நான் அடித்து வைத்திருந்த சாய்பலகைமேல் ஏறி, இறங்கி, முன்வாசலுக்குப் போய்விட்டான்.

நிவேதா விசையில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தாள். சுவரோ கேட்டோ வந்தால் அது தானே நின்றுகொள்ளும். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கோமதி எழுந்துவிட்டிருந்தாள். நாற்காலியின் பின்கைப்பிடிக்காக நீண்ட இரண்டு கைகளும் அந்தரத்தில் இருந்தன. ஐந்து வருடப் பழக்கம். கதவு வரை இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். பிறகு திரும்பி வந்து, கீரைத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எத்தன நாளு பேப்பர் வாசிச்சிருக்கேன்" என்றார் அண்ணாச்சி. அவர் முகத்தில் அத்தனை நிறைவு. "ஒருநா எந்திச்சுப் போவலையே. ஜெர்மன்காரரே, நீரு ஏழாவதுலயே வெரட்டிட்டியரே."

கோமதி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன பாக்காவளோ அங்கன" என்றாள்.

வாசலில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. என்ன பார்க்கிறான், எப்போது வருவான் என்று அவன் சொல்லாமல் எங்களுக்குத் தெரியாது. நான் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவன் திரும்பி வரப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. அதுவரை நாங்கள் நால்வரும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தோம்.